சிறு சமூகமும் அதன் சிறுகதைகளும்



தொகையில் சிறியதொரு சமூகம் தன் குறைகளைப் பிறர் அறிய எழுதலாமா? எழுதினால் அதன் நற்பெயர் என்னாகும்? இவ்வினாவைத் தன்னுள்ளேயே கொண்ட நூலொன்று உண்டு. ரோஹின்டன் மிஸ்திரி ஆங்கிலத்தில் எழுதி, 1987ஆம் ஆண்டு கனடாவில் வெளிவந்த 'டேல்ஸ் ஃப்ரம் ஃபிரோஜ்ஷா பாக்' என்பதே அது. அவருடைய முதல் சிறுகதைத் தொகுதியும் அதுவே.

மிஸ்திரி 1952இல் பம்பாயில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1975இல் கனடா சென்று, டொராண்டோவில் வங்கியில் பணிபுரிந்துகொண்டே எழுதத் தொடங்கினார். அவர் பிறந்த சமூகம் மிகச் சிறியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்சிகள் 57,264 பேரே.

நூலிலுள்ள 11 கதைகளும் பம்பாயின் பார்சிக் குடியிருப்பு ஒன்றையே சுற்றி நிற்கின்றன. ஒரு கதையில், எடுபிடி வேலை செய்யும் ஏழை பிரான்சிஸ் மீது திருட்டுப் பழி விழுகிறது. சிறுவன் கெர்சி, எலி அடிக்கப் பயன்படும் தன் பழைய கிரிக்கெட் மட்டையை ஏந்தி அவனைத் துரத்துகிறான். அகப்பட்டவனை ஊர் கூடி அடிக்கிறது. வீடு திரும்பிய கெர்சி அந்த மட்டையை முறித்தெறிகிறான்.

மற்றொரு கதையை ஒரு கோவா நாட்டு ஆயாவே சொல்கிறாள். ஜாக்குலின் என்னும் அவள் பெயர் வீட்டாரின் நாவில் 'ஜாக்கெய்லி' எனத் திரிந்து, அதுவே நிலைத்துவிட்டது. வேறொரு கதையில், கணவனை இழந்த தௌலத் அம்மையார், அவருடைய மரபுவழித் தலைப்பாகையை, மணக்கோலத்திற்காக அதனைத் தேடிவந்த இளைஞனுக்குக் கொடுக்கிறார். துக்கம் கேட்க வந்தோர் திகைக்கின்றனர்.

இறுதிக் கதையில் கெர்சி கனடாவில் வாழ்கிறான். அவன் எழுதிய கதைகள் அஞ்சலில் பம்பாய் வந்து சேர்கின்றன. பெற்றோர் படிக்கின்றனர், பெருமிதம் கொள்கின்றனர். கூடவே ஒரு மனக்குறையும் எழுகிறது. டாட்டாக்களைப் பற்றியும், தாதாபாய் நௌரோஜியைப் பற்றியும் மகன் எழுதியிருக்கலாகாதா? இக்கதைகளைப் படிக்கும் அயலார் பார்சிகளைப் பற்றி என்ன நினைப்பர்?

எந்தச் சிறு சமூகத்தின் பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்வி இது. எண்ணிக்கை குறைந்தோர்க்கு நற்பெயரே அரண்; அதில் கீறல் விழுமோ என்னும் அச்சம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மிஸ்திரி அதை ஏளனம் செய்யவில்லை. தம் நூலின் மீது எழக்கூடிய குற்றச்சாட்டைத் தாய் தந்தையரின் வாயிலாகத் தாமே பதிவு செய்து, அவர்தம் அன்பையும் அருகில் வைத்தார்.

அதற்குரிய விடையை நூல் முழுவதுமே தருகிறது. நௌரோஜியின் பெருமையை வரலாற்றாசிரியர் எவரும் எழுதுவர். சிறுவனொருவன் மட்டையை முறித்த நாணத்தையோ, ஓர் ஆயா தன் பெயரை இழந்த கதையையோ அவ்வீட்டில் வளர்ந்தவனே எழுத முடியும். சான்றோரின் புகழ் ஒரு சமூகத்தின் உயரத்தைக் காட்டும். தன் பிழை கண்டு நாணும் நெஞ்சமோ அதன் அறத்தைக் காட்டும்.

இளையோர் எவரேனும் தம் வீட்டுக் கதைகளை எழுத முன்வருவாராயின், மூத்தோர் அவற்றைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும். கெர்சியின் பெற்றோர் மனக்குறையோடு படித்தனர். ஆயினும் இறுதிவரை படித்தனர்.