செங்கொடித் தெருவில் காவிக்கொடி ஏறியது எப்படி?

(மாணவர்களும் இளம் தொழிற்சங்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்த ஊரில் தேர்தல் முடிவு வந்தாலும் அன்று இரவு நம்முடைய வாட்சப் குழுக்களில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. "இந்த ஜனங்க திருந்தவே மாட்டாங்க." கூலி வேலைக்குப் போகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஆலை மூடி வீட்டில் உட்கார்ந்திருப்பவர் எல்லாம் தங்கள் வயிற்றில் அடிக்கிறவனுக்கே ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று நமக்கு ஆத்திரம். காசு வாங்கிவிட்டார்கள், வதந்தியை நம்பிவிட்டார்கள், சினிமா மோகம் என்று காரணங்களும் கைவசம் இருக்கின்றன. இந்தக் காரணங்கள் எல்லாமே அந்த மக்களைப் பற்றியவை. நம்மைப் பற்றி, நம் அமைப்புகளைப் பற்றி ஒரு வரிகூட அவற்றில் கிடையாது. இன்று நான் பேச நினைப்பது விடுபட்டுப்போன அந்த வரியைத்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ரேஷன் அரிசியையும் சத்துணவையும் பாப்புலிசம் என்று திட்டுகிற ஆங்கிலப் பத்திரிகை வழக்கம் ஒன்று உண்டு. அதை நான் சொல்லவில்லை. அவை மக்களின் உரிமை. நான் சொல்லும் பாப்புலிசம் வேறு. சமூகத்தை "நாம்" என்றும் "அவர்கள்" என்றும் இரண்டாகக் கிழித்து, "நாம்" எல்லோருக்கும் நான் ஒருவனே குரல் என்று ஒரு தலைவர் வந்து நிற்கும் அரசியல். அந்த "அவர்கள்" யார் என்று எவர் கைகாட்டுகிறார் என்பதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது.

டிரம்ப், பிரெக்ஸிட் என்று உதாரணம் தேடி நாம் தொலைதூரம் போகத் தேவையில்லை. பம்பாய்க்குப் போவோம். அங்கே இந்த வகை அரசியல் முதலில் கைகாட்டியது நம்மைத்தான், மதராசிகளை.

பம்பாயில் 1850களில் முதல் பருத்தி ஆலை வந்தது. பரேல், லால்பாக், வொர்லி என ஆலைகள் பெருகிய பகுதிக்கு கிரண்காவ் என்று பெயர். மராத்தியில் ஆலை ஊர் என்று பொருள். கொங்கணிலிருந்தும் சத்தாரா பக்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அங்கே ஒற்றை அறை வரிசை வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இந்தியாவின் மிகப் பெரிய தொழிலாளர் கோட்டைகளில் ஒன்று அது. 1928இல் சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிர்ணி காம்கார் யூனியன் என்ற செங்கொடிச் சங்கம் அந்தப் போராட்டத்தில்தான் பிறந்தது.

இனி 1970க்கு வாருங்கள். பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய். ஆலைத் தொழிலாளர்களின் செல்வாக்கான தலைவர். அந்த ஆண்டு ஜூன் 5 அன்று அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் சிவசேனைக்காரர்கள். நான்கு மாதம் கழித்து இடைத்தேர்தல் நடந்தது. கிருஷ்ணா தேசாயின் மனைவி சரோஜினி தேசாய் நின்றார். எதிரே சிவசேனையின் வாமன்ராவ் மகாதிக். 2,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் மகாதிக் ஜெயித்தார். சிவசேனைக்குக் கிடைத்த முதல் எம்.எல்.ஏ. பதவி அது. கொலை நடந்த தொகுதியில், கொல்லப்பட்டவரின் மனைவியைத் தோற்கடித்துக் கிடைத்த பதவி.

ஆலைத் தொழிலாளர்களில் ஒரு பெரும் பகுதி எப்படி அந்தப் பக்கம் போனது? மிரட்டல் இருந்தது, அடிதடி இருந்தது. 1967லேயே பரேலில் இருந்த கம்யூனிஸ்ட் அலுவலகத்தை சிவசேனைக்காரர்கள் தாக்கிச் சூறையாடியிருந்தார்கள். காங்கிரஸ் முதல்வர் வசந்தராவ் நாயக்கின் ஆசி இருந்ததால் "வசந்தசேனை" என்றே அந்தக் கட்சிக்குக் கேலிப்பெயர் உண்டு. செங்கொடியை உடைக்க ஓர் ஆள் வேண்டியிருந்த ஆலை முதலாளிகளுக்கும் அது வசதியாக இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் மிரட்டலை மட்டும் வைத்து ஒரு கட்சி ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரு நகரத்தில் வேர்பிடிக்க முடியாது.

1960 மே 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. பம்பாயைத் தலைநகராகக் கொண்ட அந்த மாநிலத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிர் கொடுத்திருந்தார்கள். போராட்டத்தில் கம்யூனிஸ்டுகளும் ஆலைத் தொழிலாளர்களும் முன்வரிசையில் நின்றார்கள். மாநிலம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. ஆலைகளும் வணிகமும் பெரும்பாலும் குஜராத்தி, பார்சி, மார்வாடி முதலாளிகளிடம். அலுவலக நாற்காலிகளில் கணிசமான தென்னிந்தியர்கள். மராத்தி பேசும் தொழிலாளிக்குத் தறியும் வரிசை வீடும்தான். இந்த மனக்குறை யாரும் கற்பனையாக உண்டாக்கியதல்ல.

கார்ட்டூனிஸ்டாக இருந்த பால் தாக்கரே 1960இல் "மார்மிக்" என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நிறுவனங்களில் அதிகாரிகளாக இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அதில் வெளியிட்டார். படிக்கிறவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 1966 ஜூனில் சிவசேனை உருவானது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. ஒன்றை யோசியுங்கள். வொர்லியில் தறி ஓட்டுகிற ஒருவருடைய வேலையை, ஃபோர்ட் பகுதியில் தட்டச்சு செய்த தமிழர் எப்படிப் பறித்திருக்க முடியும்? தறிகளைப் புதுப்பிக்காமல் லாபத்தை வேறு தொழிலுக்குத் திருப்பியவர் முதலாளி. பிவண்டியின் விசைத்தறிக் கூடங்களுக்கு மலிவுக் கூலியில் வேலை போனது. ஆனால் முதலாளி கண்ணில் படமாட்டார், மதராசி பக்கத்துத் தெருவில் இருப்பார். இருக்கிற வலிக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முகத்தைக் காட்டியதுதான் தாக்கரேயின் சாமர்த்தியம்.

பேச்சு மட்டுமே அவரிடம் இருந்திருந்தால் கூட்டம் கலைந்ததும் மக்கள் மறந்திருப்பார்கள். அவரிடம் ஷாகா இருந்தது. தெருமுனைக் கட்சிக் கிளை. குழாயில் தண்ணீர் வரவில்லையா, ஷாகாவுக்குப் போ. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டுமா, நள்ளிரவில் பிரசவ வலியா, ஆம்புலன்ஸ் வேண்டுமா, ஷாகாவுக்குப் போ. வேலையில்லாத இளைஞனுக்கு மாலையில் உட்கார ஓர் இடம், கூப்பிட ஒரு பெயர், கழுத்தில் ஒரு துண்டு. சங்கம் ஆலை வாசலில் இருந்தது. ஆலைக்குள் நுழைய வாய்ப்பே இல்லாத அடுத்த தலைமுறைக்கு அந்த வாசலில் என்ன வேலை?

இதுவரை நான் சொன்னதை எந்த இடதுசாரித் தோழரும் ஒப்புக்கொள்வார். இனி சொல்லப்போவதில்தான் நமக்கும் அவர்களுக்கும் பழைய வழக்கு இருக்கிறது.

பம்பாய் ஆலைகளில் நூல் தீர்ந்த தாரை மாற்றும்போது, நாடாவின் கண் வழியாகப் புது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரு தலித் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைக்க முடியாது என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். அதனால் அதிகக் கூலி கிடைத்த நெசவுப் பிரிவு தலித்துகளுக்கு மூடப்பட்டிருந்தது. அவர்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவில் கிடந்தார்கள். கதவை அடைத்தது முதலாளி மட்டுமல்ல, தோளோடு தோள் நின்று முழக்கமிட்ட சக தொழிலாளி. 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் அரை மனதோடுதான் சேர்த்தார்கள். உங்கள் ஆட்களே செய்கிற கொடுமைக்கு எங்களிடம் நியாயம் கேட்கிறீர்களே என்று முதலாளிகளுக்குச் சிரிக்க இடம் கிடைத்தது.

அம்பேத்கர் தொழிலாளர் போராட்டத்துக்கு எதிரானவர் அல்ல. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியவர், 1938 நவம்பரில் தொழிற்தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தியவர் அவர். பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் தொழிலாளர்களின் எதிரிகளாக அவர் முன்வைத்ததும் அதே ஆண்டில்தான். சங்கங்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கின. ஆலைக்குள் "தொழிலாளி" என்று ஒன்றானவர்கள், சங்கு ஊதியதும் அவரவர் சாதி வரிசைக்குத் திரும்பினார்கள்.

பிளவு ஏற்கெனவே அங்கே இருந்தது. "மராத்தி மனிதன்", "சிவாஜியின் பிள்ளைகள்" என்ற சிவசேனையின் குரல், வறுமையில் இருந்த சாதி இந்துத் தொழிலாளிக்கு ஒரு பெருமிதத்தைக் கொடுத்தது. வேலை போகலாம், இந்தப் பெருமிதத்தை யாரும் பறிக்க முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் படித்து நிமிர்கிற மகர் இளைஞனைவிட நான் ஒரு படி மேல் என்ற நிம்மதியும் அதற்குள் இருந்தது. 1972இல் தலித் பேந்தர்ஸ் உருவானது. 1974 ஜனவரியில் வொர்லி பி.டி.டி. குடியிருப்பில் கலவரம் மூண்டது. பேந்தர்ஸின் ஊர்வலத்தின்மீது கல் போடப்பட்டு பாகவத் ஜாதவ் என்ற தோழர் கொல்லப்பட்டார். தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் ஒரே ஆலைகளின் குடும்பங்கள். பிறகு மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைப்பதையும் மண்டல் பரிந்துரையையும் சிவசேனை எதிர்த்தது. இத்தனைக்கும் தாக்கரேயின் தந்தை பிரபோதன்கார் தாக்கரே பார்ப்பனிய எதிர்ப்பு எழுத்தாளர். பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் மொழியும் மண்ணின் மைந்தர் அரசியலும் எவ்வளவு சுலபமாகக் கைமாறும் என்பதற்கு இந்த ஒரு வீடு போதும்.

"அப்படியானால் அந்தத் தொழிலாளர்கள் சாராம்சத்திலேயே பிற்போக்கானவர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். 1982 அதற்குப் பதில் சொல்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சட்டம் அங்கீகரித்த ஒரே சங்கமான ராஷ்ட்ரிய மில் மஸ்தூர் சங்கத்தை அவர்கள் மதிக்கவில்லை. அதில் ஷாகாவுக்குப் போனவர்களும் இருந்தார்கள், சிவசேனைக்கு ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். 1984 இறுதியில் இந்திரா அனுதாப அலை நாட்டையே அடித்துச் சென்றபோது, தத்தா சாமந்தை மக்களவைக்கு அனுப்பியது இதே ஆலைப் பகுதி. 1985இல் பம்பாய் மாநகராட்சியை சிவசேனையிடம் கொடுத்ததும் இதே நகரம். ஒரே தொழிலாளி, இரண்டு ஓட்டு. கூலிக்குச் சண்டை போடுகிறவர் யார் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது, குழாயில் தண்ணீர் வரவைப்பவர் யார் என்றும் தெரிந்திருந்தது. இதை ஏமாளித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. தோற்றுக் கரைந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். சங்கம் சிதைந்த இடத்தில் ஷாகா மட்டும் நின்றது. அதன் கை இப்போது முஸ்லிம்களை நோக்கி நீண்டது. 1992-93 கலவரத்தில் சுமார் 900 பேர் கொல்லப்பட்டார்கள். சிவசேனையின் பங்கை ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்திருக்கிறது. காரணத்தை விளங்கிக்கொள்கிறோம் என்பதற்காகக் கொலைகாரர்களின் கணக்கை நாம் தள்ளுபடி செய்ய முடியாது. 1995இல், ஒரு ரூபாய்க்கு ஜுன்கா பாக்கர் என்றும் 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்றும் சொல்லி சிவசேனையும் பா.ஜ.க.வும் மாநில ஆட்சியைப் பிடித்தன.

கடைசியில் மண் யாருக்குப் போனது என்று பாருங்கள். ஆலைகள் இருந்த இடத்தில் வணிக வளாகங்களும் கோபுரக் கட்டடங்களும் எழுந்தன. 2005இல் தாதரில் இருந்த கோஹினூர் ஆலையின் நிலம் 421 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. வாங்கிய கூட்டு நிறுவனங்களின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் சிவசேனையின் முதல் முதலமைச்சர் மனோகர் ஜோஷியின் மகன், இன்னொருவர் ராஜ் தாக்கரே. மண்ணின் மைந்தர் என்று முப்பது நாற்பது ஆண்டுகள் முழங்கியவர்களுக்குக் கிடைத்தது முழக்கம், மண் வேறு கைக்குப் போனது.

தோழர்களே, இதைத் திருப்பூரை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன். அன்று மதராசி, இன்று வடக்கன். பின்னலாடைக் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள்மீது நம் சமூக ஊடகங்களில் கொட்டப்படும் வார்த்தைகளைப் படித்திருப்பீர்கள். அவர்களில் பலர் தலித்துகள், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவியபோது ஒரு வாரத்தில் எவ்வளவு பதற்றம் உண்டானது என்பதும் நினைவிருக்கும். நம் ஊர்ப் பிள்ளைக்கு ஏன் நிரந்தர வேலை இல்லை என்ற கேள்வி நியாயமானது. நேற்றுவரை சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பெண்பிள்ளைகளை நூற்பாலை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய அதே தொழில்தான், இன்று இன்னும் தொலைவிலிருந்து ஆள் பிடித்து வருகிறது. அந்தக் கேள்வியை முதலாளியின் வாசலுக்குக் கொண்டுபோக ஓர் அமைப்பு இல்லையென்றால், தகரக் கொட்டகையின் வாசலுக்குக் கொண்டுபோக ஒரு தலைவர் கட்டாயம் வருவார். அவர் நல்ல தமிழில் பேசுவார். நமக்குக் கைதட்டத் தோன்றும்.

"தமிழன்" என்ற சொல்லுக்குள் ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும்வரை, அந்தச் சொல்லைச் சேரியை மறைக்கவும் பயன்படுத்தலாம், வடக்கனை அடிக்கவும் பயன்படுத்தலாம். பம்பாயில் "மராத்தி மனிதன்" இரண்டையும் செய்தது.

நாம் செய்யக்கூடியவை சின்ன வேலைகள்தான், நாள்பட்ட வேலைகள். இந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்தவர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவந்து, வெளிமாநிலத் தொழிலாளிக்கு உறுப்பினர் அட்டை கொடுப்பது. தேர்தல் இல்லாத நாட்களிலும் ரேஷன் அட்டைக்கும் பி.எஃப். பணத்துக்கும் அலைகிறவரோடு கூட அலைவது. சாதிப் பாகுபாட்டை எதிர்க்கும் கோரிக்கையைப் பட்டியலின் கடைசியிலிருந்து முதலிடத்துக்கு நகர்த்துவது.

இங்கே தொழிற்சங்கங்களில் வேலை செய்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் தொழிற்சாலையில் எந்தெந்த வேலையை எந்தெந்தச் சாதிக்காரர் செய்கிறார், கேன்டீனில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், தண்ணீர்க் குவளை எத்தனை வகை என்று உங்கள் சங்கம் எப்போதாவது எழுதிவைத்திருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த கூட்டத்திலேயே தொடங்குங்கள். அந்தப் பட்டியலை நாம் எழுதாவிட்டால், மார்மிக்கைப் போல வேறொரு பட்டியலை எழுத வேறு ஆள் இருக்கிறார்.