சராசரியும் உடல் வருத்தமும்

துவிச்சக்கரவண்டிப் பந்தய வீரரின் கைபிடியிலுள்ள சிறு கணினி, அவர் மிதிக்கும் விசையையும் மிதி சுழலும் வேகத்தையும் கொண்டு கணிக்கப்பெறும் வலுவை உவாற்று அலகில் காட்டும். பயண முடிவில் அது தரும் சராசரியை ஆராய்ந்தே கொள்ளுதல் வேண்டும்.

ஒருவர் 45 நிமிடம் 200 உவாற்று வலுவுடன் மிதித்து, 15 நிமிடம் மிதியாமலே இறக்கத்தில் செல்கின்றார் எனக் கொள்வோம். மிதியாத நேரத்தையும் சேர்த்தால் சராசரி 150. அதனை விலக்கினால் 200. கருவி இவற்றுள் எவ்வாறு கணக்கிடுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பிறிதொன்றும் உண்டு. 10 நிமிடம் 300, 10 நிமிடம் 100 என மிதித்தவருக்கும், 20 நிமிடமும் 200 என மிதித்தவருக்கும் சராசரி ஒன்றே. ஆயின், முன்னவரின் உடலே மிக வருந்தும். அமெரிக்க உடற்றொழிலியலாளர் ஆண்ட்ரூ கொகன் வகுத்த 'இயல்பாக்கிய வலு' இவ்வேற்றுமையைப் புலப்படுத்துகின்றது. 30 செக்கனுக்கான நகரும் சராசரிகளை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரிக்கு நான்காம் மூலம் கண்டால், முன்னவருக்கு ஏறத்தாழ 253 கிடைக்கும். பின்னவருக்கு 200 மாறாது.

சராசரி எண்ணை மாத்திரம் நம்பி மறுநாளும் கடும் பயிற்சிக்குப் புறப்படும் இளைஞர், ஓய்வு நாடும் உடலை மேலும் வருத்துகின்றார். எண்ணை நோக்குமுன் அது பிறந்த வழியை நோக்குதல் நன்று.