உமணர் வண்டியும் வழியிடை இடுக்கண்களும்



வானூருக்கு வடகிழக்கே கழுவெளி. அதனைக் கடந்தால் மரக்காணத்து உப்பளங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் குவிந்து கிடக்கும் உப்புக் குவியல்களைக் காணாதவர் இந்த அவையில் இருக்க முடியாது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்றாக வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. அதே நூலில், கொற்கையைப் பாடுமிடத்தில், உப்பு வணிகராகிய உமணரின் வண்டி வரிசையோடு ஒரு மந்தியும் வருகிறது. சிப்பிக்குள் முத்தை அடைத்து, உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு அது கிலுகிலுப்பை ஆடுகிறது. சரக்கோடு குடும்பமும் சேர்ந்தே வழிநடந்தது என்பதற்கு இக்காட்சி ஒன்றே போதும்.

அந்தக் குடும்பம் எவ்வாறு பயணம் செய்தது? கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை அதனை விரித்துரைக்கிறது. வண்டிக்கு மேலே வேய்ந்த கூரை. கோழி அடையும் கூடு. பெண்யானையின் முழங்காலைப் போன்ற சிறிய உரல். கயிற்றால் பிணித்த காடிக் கலம். கைக்குழந்தையோடு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பிலைக் கண்ணி சூடிய ஆடவர் வண்டிகளின் பக்கத்தே காவலாக நடக்கின்றனர். மோட்டார் வண்டியின் பின்னால் வீட்டையே இழுத்துக்கொண்டு இன்பப் பயணம் போகும் வழக்கம் மேலைநாடுகளில் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. உமணர்க்கோ வண்டியே வீடு, வழியே பிழைப்பு.

இவ்வுமணர் சங்கப் பாடல்களில் உவமைக்காக வந்து போகிறவர்கள், நெய்தலுக்கு ஓர் அணி என்று சொல்லிக் கடந்து செல்வோர் உண்டு. அவர்கள் வழியில் பட்ட இடுக்கண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அக்கூற்று நில்லாது.

முதல் இடுக்கண் சேறு. அகநானூற்று 140ஆம் பாடலில் அம்மூவனார் ஓர் உமணர் மகளைக் காட்டுகிறார். நெல்லுக்கு உப்புச் சரிக்குச் சரி என்று அவள் சேரியில் விலை கூறுகிறாள். வீட்டு நாய் குரைக்க அஞ்சுகிறாள். அவளைக் கண்ட தலைவன் படும் துயருக்கு உவமை, சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் அவள் தந்தையின் எருது. உவமைக்காகப் புலவர் வேறெங்கும் செல்லவில்லை. காதலுக்கு உரியவளின் வீட்டு எருதே காதல் நோயின் அளவுகோலாகிவிடுகிறது.

இரண்டாவது மழை. குறுந்தொகை 165இல் பரணர், மறுக்கப்பட்ட பின்னும் மீண்டும் விரும்பும் நெஞ்சின் அழிவைச் சொல்ல, கரையில் நின்ற உப்பு வண்டி பெருமழையில் அழிந்ததை நினைக்கிறார். உப்பு கரைந்தால் அள்ளிச் சேர்க்க ஒன்றும் மிஞ்சாது. ஒரு பருவத்து உழைப்பு ஒரு பொழுதில் போனதைக் கண்ட கண்ணுக்கே அந்த உவமை தோன்றும்.

மூன்றாவது அச்சு முறிதல். இதற்கு உமணர் முன்னேற்பாடு செய்தனர். புறநானூற்று 102ஆம் பாடலில் ஔவையார் அவர்களுடைய கவலையை அப்படியே எடுத்துரைக்கிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை, பாரமோ மிகுதி, பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் நேர்வதை யார் அறிவார்? ஆதலின் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்தனர். அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அந்தச் சேம அச்சே உவமையாயிற்று. அரசனுக்கு இதைவிட உயர்ந்த புகழுரை கிடைப்பது அரிது. தேவை நேரும்வரை கண்ணில் படாமல் கீழே இருப்பதும், நேர்ந்தபோது பாரம் முழுவதையும் தாங்குவதும் அதன் இயல்பு.

நான்காவதற்கு முன்னேற்பாடு எதுவும் இல்லை. புறநானூறு 307 காட்டும் எருது முடமாகிவிட்டது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் அதனை விட்டு உமணர் போய்விட்டனர். களத்தில் தனித்து நின்று பகைவர் உயிர் கொள்ளும் வீரனுக்கு அது உவமை. விட்டுப் போனவரைப் பாடல் பழிக்கவில்லை. அவர்களுக்காக வாதாடவும் இல்லை. இருட்டுமுன் அடுத்த ஊரைச் சேர வேண்டிய குடும்பமும் மெய்; பின்னே நின்றுவிட்ட எருதும் மெய். இரண்டையும் ஒருங்கே தாங்கும் நெஞ்சுரம் புலவனுக்கு இருந்தது.

விட்டுச் சென்றவை பிறர்க்குப் பயன்பட்டதும் உண்டு. அகநானூறு 159இல் உமணர் சமைத்துவிட்டுப் போன அடுப்புக் கற்களில் வில் ஏந்திய ஆறலை கள்வர் ஊன் சமைக்கின்றனர். நற்றிணை 138இல் உமணர் கைவிட்ட பழம் பாரில், கட்டுக் குலைந்து கிடக்கும் அந்த மரத்தில், வெண்குருகு முட்டையிடுகிறது. ஒரு குடும்பத்தின் இழப்பு ஒரு பறவையின் கூடு. புலவர் இதற்கு அறம் எதுவும் சொல்லவில்லை. கண்டதைச் சொல்லி நின்றுவிட்டார்.

இப்பாடல்கள் எவையும் உமணர் ஈட்டிய பொருளைப் பாராட்டவில்லை. அவர்கள் தடைப்பட்டு நின்ற இடங்களிலேயே புலவர் கண் நின்றது. அச்சு, நுகம், பார், கீழ்மரம் என்று உறுப்புகளின் பெயரை அறிந்திருந்ததனால், முறிவு எங்கே நேரும் என்பதையும் அறிந்திருந்தனர். உவமை பிறந்த இடம் அந்த அறிவு. அதனை இழந்தால் கவிதைக்கு எஞ்சுவது இரவல் வாங்கிய நிலவும் தென்றலுமே.

மாட்டு வண்டி போய் லாரி வந்துவிட்டது. மரக்காணத்தைத் தென்கோடியாகக் கொண்ட பக்கிங்காம் கால்வாயில் உப்பேற்றிச் சென்ற தோணிகளும் மறைந்துவிட்டன. இடுக்கண் மட்டும் மறையவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது இந்த உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பரணர் கண்ட மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியில் வெண்குருகுகளும் இருக்கின்றன. இவற்றிடையே பாத்தி மிதித்து, உப்பு வாரி, கூடை சுமக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் தம் கருவிகளுக்கு வழங்கும் பெயர்கள் எத்தனை கவிதைகளில் ஏறியுள்ளன என்று வட்டம் தன் பத்தாண்டுத் தொகுப்பைப் புரட்டிப் பார்ப்பது நன்று.

விழா நாளில் வேண்டுகோள் ஒன்று வைப்பது வழக்கம். அளத்தில் பணி நடக்கும் கோடையில், வட்டத்தின் கவிஞர் ஒவ்வொருவரும் ஒரு பகற்பொழுதேனும் அங்கே சென்று நிற்க வேண்டும். எழுதுவதற்காகச் செல்ல வேண்டுவதில்லை. பெயர்களைக் கேட்டறியச் சென்றால் போதும். சேம அச்சு வண்டியின் அடியில் கட்டப்பட்டிருந்தது என்பதை ஔவையார் குனிந்து பார்த்தே அறிந்திருப்பார்.