திண்ணைப் பள்ளியும் நம் சனிக்கிழமை ஒரு மணி நேரமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் கீழ்த்தளத்தில் பெயின்ட் வேலை எவ்வளவு முடிந்தது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "முக்காலே மூணு வீசம் முடிஞ்சுதும்மா" என்றார். நாம் எல்லோரும் பேச்சுவாக்கில் சொல்வதுதான். ஆனால் அது எவ்வளவு? வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. முக்காலும் மூன்று வீசமும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. பாக்கி ஒரே ஒரு வீசம். நம்மில் சிலருடைய முப்பாட்டன்மார் இந்தக் கணக்கைச் சின்ன வயதிலேயே திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாகக் கற்றார்கள். "சிலருடைய" என்று ஏன் சொன்னேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

திண்ணைப் பள்ளி எப்படி நடந்தது என்று உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையான 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். விடிவதற்கு முன்பே பிள்ளைகள் வந்துவிட வேண்டும். முந்தைய பாடங்களை உரக்க ஒப்பிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் மணலைப் பரப்பி, வாயால் எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிப் பழகுவார்கள். கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றை வேந்தன் போன்ற நீதி நூல்களை முதலில் மனப்பாடம் செய்வார்கள். பொருள் பிறகு மெல்ல விளங்கும். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூ, பறவை என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்! ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அப்போது கிடையாது. அமாவாசை, பௌர்ணமி என்று நிலாவைப் பார்த்துத்தான் விடுமுறை.

கணக்குக்கு எண்சுவடி. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒரு பங்கு, மா 20-இல் ஒரு பங்கு. நெல் அளக்க வேறு வாய்ப்பாடு: எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பெருக்கிப் பாருங்கள், ஒரு கலத்துக்கு 96 நாழி. களத்துமேட்டில் அளக்கும்போது யாரும் ஏமாற்ற முடியாது. ஊருக்கு எது தேவையோ அதைத்தான் பள்ளியும் சொல்லிக் கொடுத்தது.

இத்தனை வயதுப் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் எப்படிச் சமாளித்தார்? பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். மேற்பார்வைக்குச் சட்டாம்பிள்ளை. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் இல்லத்திலும் அதைத் தொடங்கச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே சின்னப் பிள்ளைகளின் வகுப்பை ஒப்படைத்தார். நன்றாகவே நடந்தது. 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். பிறகு இங்கிலாந்தில் பல பள்ளிகளில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவியது.

பெருமைப்பட்டு இங்கேயே முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். அந்தப் பள்ளியில் பிரம்படி உண்டு, கயிற்றைப் பிடித்துத் தொங்க விடும் கோதண்டமும் உண்டு. அதைவிடப் பெரிய குறை, திண்ணையில் யார் உட்காரலாம் என்பது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் தந்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் வெறும் 4,540 பேர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. என்னைப் போன்ற ஒரு பெண் அன்று தெருவில் நின்று பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஆறு வரை நம் ஹாலில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும் என்று போன கூட்டத்தில் கேட்டிருந்தேன். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை. என்னைப் போல ஒரு பாட்டியோ தாத்தாவோ கூட உட்கார்ந்திருப்போம். எல்லோரும் சரி என்றீர்கள். "இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் வரலாமா?" என்று ஒருவர் கேட்டபோது மட்டும் பேச்சு நின்றுவிட்டது. ஹால் உரிமையாளர்களின் பணத்தில் கட்டியது, நாளை இதுவே வழக்கமாகிவிடும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டுக்குப் பக்கத்தில் இஸ்திரி போடுபவரின் மகள் ஐந்தாம் வகுப்பு. என் பேரன் நான்காம் வகுப்பு. மூன்று நாள் நான் சொல்லிக் கொடுத்தும் அவனுக்குப் புரியாத வகுத்தல் கணக்கை, அவள் இஸ்திரி வண்டி ஓரமாக உட்கார்ந்து, மடித்த துணிகளைப் பங்கு வைத்துக் காட்டிப் புரிய வைத்தாள். "ஹாலுக்குள்ள வந்து உட்காருங்களேன்" என்றேன். "உள்ள வந்தா திட்டுவாங்க பாட்டி" என்றாள்.

அன்றைக்குத் திண்ணையில் நமக்கு இடம் தந்தார்களா இல்லையா என்பதை இனி மாற்ற முடியாது. நம் ஹாலில் யாருக்கு இடம் என்பதை இன்றைக்கே முடிவு செய்யலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம். மின்விசிறி, விளக்கு, சுத்தம் செய்வது எல்லாம் என் பொறுப்பு. சரியாக வரவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் நானே நிறுத்தச் சொல்கிறேன்.

சொல்லிக் கொடுக்க விருப்பமுள்ள எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஒருவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் போதும். வாக்களிக்கும்போது அந்தப் பெண் குழந்தையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.