எண்ணிப் பார்த்து வைத்த வரம்பு

திருச்செந்தூரில் இருந்துகொண்டு இந்த வட்டாரத்துச் சிறு தொழில்களுக்குக் கணினி புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த வேலைக்கு நான் பயன்படுத்துவது கூகுளில் பிறந்த 'கோ' என்ற மொழி. 2023 ஆகஸ்டில் அதில் அடைக்கப்பட்ட ஓர் ஓட்டையைப் பற்றித்தான் இன்று பேச்சு.

போனில் வங்கிச் செயலியைத் திறக்கிறீர்கள். எதிரே இருப்பது உங்கள் வங்கிதானா என்று போன் சான்றிதழ் கேட்டு வாங்கி, அதிலுள்ள கையெழுத்தைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும். சான்றிதழில் தப்பு நடப்பதும் உண்டு. 2014 ஜூலையில் நம் தேசிய தகவலியல் மையத்தின் வழியாகக் கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தது தெரிந்து, அவற்றை வெளியிட உதவிய இடைநிலைச் சான்றிதழ்களையே ரத்து செய்தார்கள். நான் சொல்ல வந்த சங்கதி வேறு. பொய்யா மெய்யா என்று தெரிவதற்குள்ளேயே சரிபார்ப்பவரைக் களைக்கவைக்கும் சான்றிதழ்!

கந்த சஷ்டிக் கூட்டத்தில் கோயில் வாசலில் சீட்டுப் பார்ப்பவரிடம், அங்குள்ள நாழிக்கிணறு வரை நீளும் ஒரு சீட்டை ஒருவர் நீட்டுகிறார் என்று வையுங்கள். அவரும் கடமை தவறாமல் அடிவரை வாசிக்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் கதி?

சான்றிதழில் அப்படி நீளக்கூடியது, கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் ஆர்.எஸ்.ஏ. சாவி. வழக்கமாக அது 2048 பிட் நீளம். நீளம் இருமடங்கானால் சரிபார்க்கும் வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகும். கெட்ட எண்ணம் உள்ளவன் சான்றிதழை ஒரு தடவை செய்தால் போதும். நம் கணினியோ வரும்போதெல்லாம் உழைக்கவேண்டும். ஆறுமுகநேரி உப்பளக் கணக்குக்கு நான் எழுதிய சர்வர், இணைகிறவரிடமும் சான்றிதழ் கேட்கும். அதன் நகலைக் 'கோ' மொழியின் பழைய பதிப்பில் ஓடவிட்டு, 16384 பிட் சாவியோடு பல இணைப்புகளை ஒரே சமயத்தில் அனுப்பிப் பார்த்தேன். பிராசஸர் உச்சத்திலேயே நின்றது. ஒழுங்காக வந்த இணைப்புகள் காத்துக்கிடந்தன.

கோ மொழியைப் பராமரிப்பவர்கள் இதைச் சரிசெய்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 8192 பிட்டுக்கு மேல் சாவி இருந்தால், கணக்கே போடாமல் திருப்பி அனுப்பு என்றார்கள். அந்த எண்ணை வாய்க்கு வந்தபடி வைக்கவில்லை, நேயர்களே. பொது இணையத்தில் நம்பப்படும் சாவிகளை ஆராய்ந்தார்கள். அந்த அளவைத் தாண்டிய சான்றிதழ்கள் மூன்றே மூன்று! மூன்றும் சோதனைக்குச் செய்தவையாகவே தெரிந்தன. தனியார் வலையமைப்புகளில் யாருக்காவது இடைஞ்சல் வரலாம் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள். அளந்து பார்த்து, யாருக்கு வலிக்கும் என்று சொல்லி, பிறகு வரம்பு வைப்பதை நான் பெரிய நேர்மையாக நினைக்கிறேன். 2018 டிசம்பரிலும் இதே போன்ற ஓட்டைக்காக, ஒரு தடவை சரிபார்ப்பதற்கு நூறு கையெழுத்துச் சோதனைக்கு மேல் கூடாது என்று வைத்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது. புரோகிராம் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கோ மொழியில் சரிபார்க்கும் பகுதி உங்கள் புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்துவிடும். சர்வரின் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தால் ஓட்டை அடைபடாது. 8192 பிட் வரம்பு வைத்த திருத்தம் வந்தது 1.19.12, 1.20.7 பதிப்புகளில். அந்தத் திருத்தம் இல்லாத பதிப்பில் கட்டிய புரோகிராம் எதுவும் நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் இனி ஓடாதபடி, இன்றைய பதிப்பில் மறுபடி கட்டிவிடுவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.