மடை யார் கையில்? கண்மாய்க்குள் இருக்கும் அரசியல்

இன்னைக்கு எபிசோட் கண்மாய் பத்தி.

மதுரைக்காரங்களுக்கு இது புது வார்த்தை இல்ல. வண்டியூர், செல்லூர், மாடக்குளம்னு ஏரியா பேரைச் சொன்னாலே கூடவே ஒரு கண்மாயும் ஞாபகம் வரும். வெளியூர்ல இருந்து கேக்குறவங்களுக்காகச் சொல்றேன்: மழைத்தண்ணியைக் கரை கட்டி மறிச்சு, மடை வழியா வயலுக்கு விடுற ஏரிதான் கண்மாய். அது நிறைஞ்சா, மிச்சத் தண்ணி கலுங்கு வழியா அடுத்த கண்மாய்க்குப் போகும். அதுவும் நிறைஞ்சா அதுக்கடுத்தது. தமிழ்நாடு முழுக்க இப்படி சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கு.

இதைப் பத்தி நாம கேட்டு வளர்ந்த கதை ஒண்ணு உண்டு. அந்தக் காலத்துல ஊரே ஒண்ணுகூடி குடிமராமத்து செஞ்சு கண்மாயைக் காப்பாத்துச்சு, வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் கெட்டுப்போச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்தக் கதையைக் கேள்வி கேட்ட ஆய்வாளர் ஒருத்தர் இருக்கார்: டேவிட் மோஸ். லண்டன் சோயாஸ்ல மானுடவியல் பேராசிரியர். 1980-களோட தொடக்கத்துல நம்ம பக்கத்து சிவகங்கைப் பகுதியில ஒரு கிராமத்துல தங்கி ஆய்வு பண்ணினவர். அவரோட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ 2003-ல வெளிவந்துச்சு.

அவர் சொல்றதுல எனக்கு முக்கியமாப் பட்டது மூணு விஷயம்.

முதல் விஷயம், கண்மாய் வெறும் விவசாய ஏற்பாடு இல்ல, அது ஆட்சி நடத்துற வழியும்கூட. ராமநாதபுரம், சிவகங்கை அரசர்கள் நிலத்தையும் நீரையும் மானியமாக் கொடுத்துத்தான் தங்களுக்கு விசுவாசமான ஆட்களை உருவாக்கினாங்க. ஊர்ல யாருக்குத் தண்ணி மேல அதிகாரமோ, பெரும்பாலும் அவங்களுக்குத்தான் கோயில்ல மரியாதையும்.

ரெண்டாவது, நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து, அடைச்சு, வயல் வயலாத் தண்ணி விடுறவர். பல ஊர்கள்ல இந்த வேலை தலித் குடும்பங்களோடது. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, ராத்திரி பகலா சர்வரைப் பாத்துக்கிறது அவர், அட்மின் பாஸ்வேர்டு மட்டும் வேற ஆள் கையில. அடுத்த தலைமுறை இந்த வேலையை விட்டப்போ, ‘பாரம்பரியம் அழியுதே’ன்னு சிலர் வருத்தப்பட்டாங்க. விட்டவங்க பக்கம் நின்னு பாத்தா அது அடிமை அடையாளத்தைக் கழட்டி வச்சது.

மூணாவது, பிரிட்டிஷ் அரசு. நிலவரி மட்டும் கரெக்டா வேணும், ஆனா கண்மாய் மராமத்துச் செலவு கசக்கும். அதனால ‘இது காலங்காலமா ஊர்க்காரங்க செய்ற வேலை’ன்னு சொல்றது அரசுக்கு வசதியாப் போச்சு. 1858-ல மெட்ராஸ் மாகாணத்துல கட்டாய உழைப்புச் சட்டமே வந்துச்சு. அப்போ நாம பெருமையாச் சொல்ற குடிமராமத்துக் கதையில ஒரு பங்கு, அரசு தன் பொறுப்பைத் தள்ளிவிடுறதுக்காக எழுதினது.

‘அப்போ பழசெல்லாம் பொய்யா?’ன்னு கேப்பீங்க. இல்ல. ஒரு கண்மாயோட மிச்சம் அடுத்த கண்மாயோட வரவா மாறுற அந்த டிசைன் இன்னைக்கும் அருமையானது. பிரச்சனை அதோட பர்மிஷன் லிஸ்ட்லதான்.

இதை ஏன் இப்போ பேசணும்? 2017-ல தமிழக அரசு குடிமராமத்துங்கிற அதே பேர்ல திட்டம் கொண்டுவந்துச்சு. நம்ம மதுரையில இருக்கிற தானம் அறக்கட்டளை, வயலகம்னு விவசாயிகள் சங்கங்களை அமைச்சு பல வருஷமா கண்மாய்களைச் சீரமைக்கிறாங்க. இதெல்லாம் கட்டாயம் வேணும். ஆனா தூர்வாரி முடிச்ச பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கு: யாரை உட்கார வச்சு முடிவு எடுக்குறோம்? ஆயக்கட்டுல நிலம் இருக்கிறவங்களை மட்டும் கூப்பிட்டா, நிலமே இல்லாத கூலிக்காரங்க, ஆடு மாடு மேய்க்கிறவங்க எல்லாம் வெளியில நிப்பாங்க. மீன் பாசி ஏலம், கருவேல மர ஏலம், வண்டல் மண், எல்லாமே கண்மாயோட வருமானம்தான். அதுல அவங்களுக்குப் பங்கு இல்லாம ‘ஊர் கண்மாய்’னு எப்படிச் சொல்றது?

டவுன்ல கதை வேற மாதிரி. இங்க ஆயக்கட்டு பிளாட் ஆயிடுச்சு. வயல் இல்லாததால தண்ணி வந்துச்சா, வரலையான்னு கேக்க ஆளில்ல. வாய்க்கால் அடைச்சாலும் யாரும் சண்டைக்கு வர்றதில்ல. 2024 அக்டோபர் கடைசியில பெஞ்ச மழையில செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துச்சே, அப்போதான் கண்மாயும் வாய்க்காலும் எல்லாருக்கும் ஞாபகம் வந்துச்சு. ஒரு காலத்துல தண்ணி வேணும்னு நின்ன இடத்துல, இப்போ தண்ணி வேண்டாம்னு நிக்கிறோம். எப்படிப் பாத்தாலும் நாமளும் இப்போ ஆயக்கட்டுதாரர்தான்.

ஒரு வேலை சொல்றேன். உங்க வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்துப் பாருங்க. ‘நஞ்சை’ன்னு போட்டிருந்தா, அது எந்தக் கண்மாய்ப் பாசனம்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அந்தக் கண்மாயோட வாய்க்கால் இன்னைக்கு எங்க போகுது, அதைப் பத்தி முடிவெடுக்கிறது யாருன்னும் தேடுங்க. கிடைச்சதை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பேசுவோம்.