சந்தையில் வாங்கியவருக்கு வழக்கு உண்டா?



தலைமை உரை என்றால் பொருளின் எல்லா மூலைகளையும் தொட்டுக்காட்ட வேண்டும் என்றொரு வழக்கம் உண்டு. அந்த வேலையை அமர்வுகள் என்னைவிட நன்றாகவே செய்யும். நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிய பங்கு வெளியீட்டின் தகவலறிக்கையில் பொய் இருந்தாலோ, சொல்ல வேண்டியதை மறைத்திருந்தாலோ, நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை யாருக்கு? விண்ணப்பித்து ஒதுக்கீடு பெற்றவருக்கு மட்டுமா, நாலு நாள் கழித்துச் சந்தையில் வாங்கியவருக்கும் உண்டா?

கேள்வி பழையது. லண்டனில் மாற்றுச்சீட்டுத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த ஓவரெண்ட் கர்னி, 1865இல் கூட்டாண்மையிலிருந்து வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாறிப் பங்கு வெளியிட்டது. உள்ளே வாராக்கடன் மலைபோல் குவிந்திருந்தது. தகவலறிக்கை ஓர் ஒப்பந்தப் பத்திரத்தைக் குறிப்பிட்டு, வேண்டியவர்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றது. அந்த வாராக்கடன்களை என்ன செய்வது என்று பேசிய இரண்டாவது பத்திரம் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. 1866 மே மாதம் நிறுவனம் கவிழ்ந்தது. இயக்குநர்கள் மீதான குற்ற வழக்கில் 1869இல் அனைவரும் விடுதலையானார்கள்.

பீக் என்ற முதலீட்டாளர் நஷ்டஈடு கேட்டுப் போராடி பிரபுக்கள் அவை வரை போனார். 1873இல் தீர்ப்பு வந்தது. தகவலறிக்கையில் மறைப்பு இருந்ததை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் தகவலறிக்கையின் வேலை ஒதுக்கீட்டோடு முடிந்துவிடுகிறது, பீக் சந்தையில் வாங்கியவர், ஆகவே அவருக்குப் பரிகாரம் இல்லை என்றார்கள். 1889இல் இன்னொரு பீக் வழக்கும் வந்தது. பிளிமத் டிராம் நிறுவனத்தின் கதை அது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத தேர்வுத்தாளைக் காண்பது அரிது. இயக்குநர்கள் தாம் சொன்னதை நேர்மையாக நம்பியிருந்தால் அது மோசடி ஆகாது என்றது அந்தத் தீர்ப்பு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மறுவருடமே இயக்குநர் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்து அந்த ஓட்டையை அடைத்தது. முதல் பீக் வழக்கின் ஓட்டை மட்டும் அப்படியே நின்றது. 1890இன் சட்டமும் பங்குக்கு விண்ணப்பித்தவரை மட்டுமே காத்தது.

அமெரிக்கா 1933இல் வேறு வழியில் போனது. பதிவு ஆவணத்தில் முக்கியமான பொய்யோ மறைப்போ இருந்தால், அந்தப் பங்கை வாங்கிய எவரும் பதினோராவது பிரிவின்கீழ் வழக்குப் போடலாம். நிறுவனத்துக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. 2012 மே மாதம் ஒரு பங்கு 38 டாலருக்கு வந்த ஃபேஸ்புக் வெளியீடு தொடர்பான கூட்டு வழக்கு, 2018இல் 3.5 கோடி டாலருக்குச் சமரசமானது. மொபைல் பயன்பாட்டால் வருமானம் குறையும் என்ற கணிப்பு பெரிய முதலீட்டாளர்களின் காதுக்கு மட்டும் போனது என்பது அதில் வைக்கப்பட்ட முக்கியப் புகார்.

அந்த அமெரிக்காவே 2023இல் 1873க்குப் பக்கத்தில் வந்து நின்றது என்பது என் கருத்து. ஸ்லாக் நிறுவனம் 2019 ஜூன் மாதம் புதுப் பங்கு வெளியிடாமல், இருந்த பங்குகளையே நேரடியாக நியூயார்க் சந்தையில் பட்டியலிட்டது. பதிவு செய்த பங்குகள் 11.8 கோடி, பதிவு செய்யாதவை 16.5 கோடி. இரண்டும் ஒரே நாளில் ஒரே விலையில் கைமாறத் தொடங்கின. சேவை தடைப்பட்டால் வாடிக்கையாளருக்குத் தாராளமாக வரவு வைக்க வேண்டிய ஒப்பந்தங்களை ஆவணம் சரியாகச் சொல்லவில்லை என்று பிரானி என்ற முதலீட்டாளர் வழக்குப் போட்டார். உங்கள் கையில் இருப்பது பதிவு செய்த பங்குதானா என்று கேட்டது உச்ச நீதிமன்றம். 2023 ஜூன் 1 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அப்படிப்பட்ட பங்கு என்று காட்டினால்தான் பதினோராவது பிரிவு செல்லும் என்றார்கள். எல்லாம் மின்னணுக் கணக்கில் கிடக்கும் காலத்தில் அதை எப்படிக் காட்டுவது? தொட்டியில் கலந்த தண்ணீரில் எந்தக் குடத்துத் தண்ணீர் இது என்று கேட்டால் யார் சொல்வார்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவு, தகவலறிக்கையை நம்பிப் பங்குக்கு விண்ணப்பித்து நஷ்டப்பட்டவருக்கே ஈடு தருகிறது. 1890இன் வாசம் இன்னும் போகவில்லை. நடைமுறையோ வேறு. விண்ணப்பம் பல மடங்கு குவிந்தால் சிறு முதலீட்டாளருக்குக் குலுக்கல்தான். குலுக்கலில் விழாதவர் லிஸ்டிங் அன்று காலை பத்து மணிக்கு, கூடுதல் விலை கொடுத்து அதே பங்கை வாங்குகிறார். அவர் நம்பியதும் அதே தகவலறிக்கையைத்தான். நஷ்டம் வந்தால் குலுக்கலில் விழுந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு வழக்கு உண்டு, இவருக்கு இல்லை.

செபி இருக்கிறதே என்பார்கள். 2007இல் 9,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிய டிஎல்எஃப் வெளியீட்டில் மறைப்பு இருந்ததாகச் சொல்லி, 2014 அக்டோபரில் அந்நிறுவனத்துக்கும் அதன் அதிகாரிகள் சிலருக்கும் சந்தையில் நுழைய மூன்றாண்டுத் தடை விதித்தது செபி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை ரத்து செய்தது. யார் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒழுங்குமுறை அமைப்புக்கும் நிறுவனத்துக்கும் நடந்த சண்டை அது. தடை நிலைத்திருந்தாலும் பங்கு வாங்கியவருக்கு ஒரு பைசா வந்திருக்காது.

விலை இறங்கியதெல்லாம் பொய்யால் இறங்கியது அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வழக்குத் தொழிலாகிவிட்டால் ஈட்டுத்தொகை கடைசியில் இன்றைய பங்குதாரரின் பையிலிருந்தே போகும். அதற்குக் கால வரம்பு போடலாம். பட்டியலிட்ட பின் இத்தனை மாதத்துக்குள் வாங்கியவர் எவரும் வழக்குப் போடலாம், பங்கு எந்த வழியில் வந்தது என்று காட்டத் தேவையில்லை என்று 35ஆவது பிரிவைத் திருத்த வேண்டும்.

திருத்தம் வரும்வரை 37ஆவது பிரிவு நம் கையில் இருக்கிறது. தவறான தகவலறிக்கையால் பாதிக்கப்பட்ட எவரும், எந்தக் குழுவும் வழக்குப் போடலாம் என்கிறது அது. சந்தையில் வாங்கியவர் பாதிக்கப்பட்டவர்தானே? 35ஆவது பிரிவு குறுக்கிய கதவை 37 அகலமாக்குகிறதா, அல்லது அதே கதவுக்கு வழிகாட்டும் பலகை மட்டுமா? கட்டுரை வாசிக்கும் நண்பர்கள் இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு பதில் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.